காலியாக்கிச் சார்ஜ் போடும் பழக்கம்

லித்தியம் பேட்டரி போட்ட டிரில் முதன்முதலாக என் கைக்கு வந்தபோது எனக்கு அதன் மேல் கோபம்தான் வந்தது. பயம் பிறகுதான் வந்தது. வந்த பயம் இன்னும் போகவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷெட்டுகளுக்குக் கூரை போடுவது என் வேலை. இரும்பு உருக்குகிற இடமோ ரசாயனம் காய்ச்சுகிற இடமோ, எதுவானாலும் மேலே தகர ஷீட் வேண்டும். அந்த ஷீட்டை நாற்பதடி உயரத்தில் உட்கார்ந்து சட்டத்தோடு சேர்த்து ஸ்க்ரூ முடுக்குபவர்களில் நானும் ஒருவன். எங்கள் குடும்பம் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். அண்ணன் இன்றைக்கும் ஏரிக்குத்தான் போகிறார். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். வாலிப வயதில் ஒருநாள் படகு லேசாகச் சாய்ந்ததற்கு நான் போட்ட கூச்சலைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது. அதற்குப் பிறகுதான் பேட்டைக்கு வேலைக்கு வந்தேன். தண்ணிக்குப் பயந்தவன் எப்படி அவ்வளவு உயரம் ஏறுகிறாய் என்று கேட்பார்கள். பயந்துகொண்டேதான் ஏறுகிறேன். பெல்ட்டின் கொக்கியை ஒரு முறை மாட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். கூட வேலை செய்பவர்கள் அதற்குள் நாலு ஸ்க்ரூ போட்டிருப்பார்கள்.

உயரத்தில் பிளக் போட்ட டிரிலை வைத்துக்கொண்டு வேலை செய்வது கொடுமை. வயர் காலைச் சுற்றும், தகரத்தின் ஓரத்தில் உரசி அறுபடும். அதனால் பேட்டரி டிரில் வந்தபோது எனக்குத்தான் எல்லாரையும் விடச் சந்தோஷம். முதலில் வந்தது நிக்கல் காட்மியம் பேட்டரி. செங்கல் மாதிரி கனம். காலையில் எடுத்துப்போனால் மதியச் சோற்றுக்குள் தீர்ந்துவிடும். ஆனால் தீரும்போது சொல்லிவிட்டுத் தீரும். சுற்றுவது மெல்லக் குறையும், குரல் இறங்கும், இன்னும் பத்து ஸ்க்ரூதான் என்று நமக்குத் தெரிந்துவிடும். பன்னிரண்டு வோல்ட் டிரில் ஒன்றை அப்படி எட்டு வருடம் வைத்திருந்தேன். கீழே விழுந்தது, மழையில் நனைந்தது, மாதக்கணக்கில் மூட்டைக்குள் கிடந்தது. எடுத்துச் சார்ஜ் போட்டால் ஒன்றும் நடக்காதது போல எழுந்து வரும்.

அதற்கு ஒரே ஒரு குணக்கேடு உண்டு. பாதி தீர்ந்த நிலையில் திரும்பத் திரும்பச் சார்ஜ் போட்டால், பாதிதான் தன் அளவு என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் பாதிக்கு மேல் வேலை செய்யாது. அதனால் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரு வழி வைத்திருந்தோம். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, அதன் இரண்டு முனையிலும் பைக்கின் ஹெட்லைட் பல்பு ஒன்றை வயர் கட்டி மாட்டிவிடுவோம். பல்பு எரிந்து எரிந்து மங்கி அணையும். கடைசிச் சொட்டு வரைக்கும் வடிந்த பிறகுதான் சார்ஜ். ஷெட்டின் மூலையில் ஆறேழு பேருடைய பல்புகள் வரிசையாக எரிந்துகொண்டிருக்கும். யாருடையது கடைசியாக அணைகிறதோ அவன்தான் பேட்டரியை ஒழுங்காக வைத்திருப்பவன் என்று ஒரு பெருமை. பெரும்பாலும் கடைசியாக அணைந்தது என்னுடையதுதான். பயந்தவன் எதையும் ஒழுங்காக வைத்திருப்பான்.

நடுவில் கொஞ்ச காலம் இன்னொரு நிக்கல் பேட்டரி வந்தது. மெட்டல் ஹைட்ரைடு என்று பெயர். எங்களுக்கு வாயில் நுழையவில்லை, பச்சை பேட்டரி என்று கூப்பிட்டோம். காட்மியத்தை விட அதிக நேரம் உழைத்தது. ஆனால் சும்மா வைத்திருந்தாலே தானாகக் குறையும். முழுக்க ஏற்றி வைத்து இரண்டு வாரம் கழித்து எடுத்தால் பாதிதான் இருக்கும். இரும்பு ஷெட்டின் கூரை மேல், கீழே உலை, மேலே வெயில், அந்தச் சூட்டில் இரண்டு கோடைகூடத் தாங்கவில்லை. அதையும் நான் பல்பு போட்டுத்தான் இறக்கினேன்.

அப்புறம்தான் லித்தியம் வந்தது. பதினெட்டு வோல்ட். கையில் எடுத்தால் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று குலுக்கிப் பார்க்கத் தோன்றுகிற கனம். காலையில் போட்டால் மாலை வரை வந்தது. ஆனால் அது தீர்வது எனக்குப் பிடிக்கவே இல்லை. முதல் ஸ்க்ரூவுக்கு எவ்வளவு பலமோ கடைசி ஸ்க்ரூவுக்கும் அவ்வளவு பலம். அப்படியே சுற்றிக்கொண்டிருந்து டக்கென்று நிற்கும். முதல் தடவை நின்றபோது நான் முழு உடம்பையும் சாய்த்து அழுத்திக்கொண்டிருந்தேன். டிரில்தான் நின்றது, எனக்கு நெஞ்சு நின்றதுபோல் ஆயிற்று. தகரத்தின் மேல் குப்புறப் படுத்துவிட்டேன்.

"இன்னா மாமா, அங்கியே தூங்கிட்டியா?" என்று அடுத்த வரிசையில் இருந்து கத்தினான் என் மச்சான். என் மனைவியின் தம்பி. என்னோடுதான் வேலை செய்கிறான். பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள்.

அந்தக் கோபத்தில் லித்தியத்தையும் நான் பழைய வழிக்குக் கொண்டுவந்தேன். டிரிலில் அது நின்ற பிறகும் உள்ளே மிச்சம் வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பேட்டரியைக் கழற்றி பல்பை வைத்தால் நன்றாகவே எரிந்தது. ஒரு பல்புக்குப் பதினெட்டு வோல்ட் அதிகம் என்று இரண்டு பல்பை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினேன். பார்த்தாயா, ஒளித்து வைத்திருக்கிறது, வடித்துவிட வேண்டும் என்றேன் மச்சானிடம். அவனும் ஆமாம் என்றான். அந்த மிச்சம் பேட்டரி தன் உயிருக்காக வைத்துக்கொண்டது என்பதும், அதை அளந்து நிறுத்தியது டிரில்தான் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. எட்டு வருடம் சரியாக இருந்த பழக்கம் தப்பாக முடியும் என்று யாருக்குத் தோன்றும்?

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு சனிக்கிழமை அப்படித்தான் இரண்டு பல்பை மாட்டி வீட்டு அலமாரிக்கு மேல் வைத்தேன். மறுநாளே புயல் என்றார்கள். படகை ஏற்றிக் கட்டுவது, தெருவில் தண்ணீர், வீட்டுக்குள் தண்ணீர் என்று நாட்கள் போயின. மழைக்காலத்தில் கூரை வேலையும் கிடையாது. பேட்டரியைச் சுத்தமாக மறந்துபோனேன். பொங்கல் கழிந்து வேலைக்குக் கூப்பிட்டபோது எடுத்துப் பார்த்தால் பல்பு இரண்டும் இன்னும் மாட்டியபடியே இருக்கின்றன. சார்ஜரில் வைத்தேன். சிவப்பு விளக்கு படபடவென்று மின்னியது. ஏற்றமாட்டேன் என்பதற்கு அதுதான் அடையாளம்.

"செத்துப் போச்சுடா மச்சான்" என்றேன்.

"சாவுல மாமா, தூங்கினு கீது. எழுப்பணும் அவ்ளோதான்" என்றான் அவன். தன்னுடைய நல்ல பேட்டரியைக் கொண்டுவந்தான். இரண்டு துண்டு வயரை எடுத்து நல்லதின் கூட்டல் முனையை என்னுடையதின் கூட்டலோடும், கழித்தலைக் கழித்தலோடும் சேர்த்துப் பிடித்தான். சின்னதாகப் பொறி தட்டியது. நான் நாலடி தள்ளி நின்றுகொண்டேன். ஒரு பீடி பிடிக்கிற நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு, சார்ஜரில் வைத்தான். இந்த முறை பச்சை விளக்கு நிதானமாக எரிந்தது. சார்ஜர் ஏமாந்துவிட்டது.

பேட்டையில் நிறைய பேர் இதைச் செய்கிறார்கள். எழுப்புவது என்றுதான் சொல்வார்கள். அதனால் எனக்கும் அதில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு வாரம் வேலை செய்தது. முன்னை மாதிரி மாலை வரைக்கும் வரவில்லை, மதியத்துக்கே நின்றது. சார்ஜ் ஏறும்போது டீ கிளாஸ் போலச் சுட்டது. எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. எது நிஜமான பயம், எது வழக்கமான பயம் என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். சோழவரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வந்தோம். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். எங்கள் வீடு சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு. ஒரே கூடம், ஒரு சமையல் மூலை, ஒரே வாசல். கூடத்தின் பாதியை அண்ணனுடைய நைலான் வலைகள் பிடித்துக்கொண்டிருக்கும். அவர் வீட்டில் இடமில்லை. வலைக்குப் பக்கத்தில்தான் பிளக் போர்டு. ஃபேன் காற்று நன்றாக வரும் இடமும் அதுதான். மகள் மதியத்துக்கு முன்பே அங்கே பாய் போட்டுப் படுத்துவிடுவாள்.

அன்று வேலை செய்யும் இடத்தில் சாரத்தைச் சோதிக்கிறார்கள், மதியத்துக்கு மேல் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். சரி, புதிதாக இன்னொரு பேட்டரி பார்த்து வைப்போம் என்று காலையில் கும்மிடிப்பூண்டி பஜாருக்குக் கிளம்பினேன். பழையதை வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டு வந்தேன். திரும்ப வந்து சாப்பிட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவதாகத் திட்டம்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் டிரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். மோட்டாருக்குக் காயில் கட்டுவார், பேட்டரியைப் பிரித்து செல் மாற்றுவார். மீட்டரும் கையுமாகத்தான் உட்கார்ந்திருப்பார். பேச்சு கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். நான் போனபோது இரண்டு பேட்டரியை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று பதினெட்டு என்றும் இன்னொன்று இருபது என்றும் போட்டிருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே. உள்ள அதே அஞ்சு செல்லு. முழுசா ஏத்தினு அளந்தா இருபது, வேலை செய்யச் சொல்லோ பதினெட்டு. இருபதுன்னு போட்டா நாலு பேரு அதிகமா வாங்குவான்."

"அப்ப எதுமா நல்லது?"

"உங்க வேலைக்கு இன்னா வேணும்? கனம் கொறைவா வேணும், நாள் முழுக்க வரணும். லித்தியம்தான். சும்மா மாசத்துக்கு ஒருவாட்டி எடுக்கிறவனா இருந்தா பழைய காட்மியமே போதும்னுவேன். அது எரும. எப்டி போட்டாலும் கெடக்கும். இது அப்டி இல்ல. பார்த்துப் பார்த்து வெச்சுக்கணும்."

பார்த்து வைத்துக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று காட்டிக்கொள்ள ஆசை வந்தது. சனிக்கிழமை பல்பு கதையைச் சொன்னேன். இரண்டு பல்பு சேர்த்துக் கட்டுவதைச் சொன்னேன். மழைக்காலம் முழுக்க அது வடிந்துகொண்டே இருந்ததையும், மச்சான் எழுப்பியதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கையில் இருந்த மீட்டரைக் கீழே வைத்தார்.

"சார்ஜ் போடச் சொல்லோ சுடுதா?"

"ஆமா, கொஞ்சம்."

"இப்ப எங்க கீது அது?"

"ஊட்ல. சார்ஜ்ல போட்டுட்டு வந்துகீறேன்."

"ஊட்ல யாரு இருக்கா?"

பொண்ணு இருக்கா, மாசமா இருக்கா என்றேன்.

"அண்ணே, லித்தியத்த அடியோட வடிச்சிட்டா உள்ள செம்பு கரைஞ்சிடும். அப்பறம் நீங்க ஏத்த ஏத்த அந்தச் செம்பு ஊசி ஊசியா வளந்து உள்ளயே ஷார்ட் ஆவும். இன்னிக்கும் ஆவலாம், ஆவாமலும் போவலாம். அதுக்குத்தான் சார்ஜரு செகப்பு காட்டி வாணாம்னு சொல்லுது. போன் போட்டு வயர புடுங்கச் சொல்லுங்க. பேட்டரிய கையால தொடவேணாம்னு சொல்லுங்க. மொதல்ல அந்தப் பொண்ண வெளிய வரச் சொல்லுங்க."

மகளுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பப் போட்டேன். என் மனைவி எங்கள் ஊரிலேயே இறால் உரிக்கிற கம்பெனியில் இருந்தாள். உள்ளே போகும்போதே போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். அண்ணன் ஏரியில். மச்சானைக் கூப்பிட்டேன். அவன் பேட்டையின் மறுகோடியில் இன்னொரு ஷெட்டில் இருந்தான்.

"இன்னா மாமா நீ, எல்லாத்துக்கும் பயந்துக்கினு. நான் எத்தினி பேட்டரி எழுப்பிகீறேன்" என்றான். கடைக்கார அம்மாள் சொன்னதை அப்படியே சொன்னேன். "சரி, தெருவுல யாருக்காச்சும் போன் போட்டுப் பாக்கிறேன். நீ போ" என்றான். அவன் குரலும் மாறியிருந்தது. பயமே இல்லாதவன் பயப்படுவதைக் கேட்டபோதுதான் இது வழக்கமான பயம் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

பைக்கை எடுத்தேன். சாவி இரண்டு முறை கீழே விழுந்தது. ரயில்வே கேட்டுக்கு வந்தால் மூடியிருக்கிறது. கூட்ஸ் வண்டி. எங்கள் பக்கத்தில் ஆட்கள் பைக்கைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைத்துக்கொண்டு போவார்கள். அன்றும் இரண்டு பேர் போனார்கள். இன்னும் வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை, தாராளமாகப் போயிருக்கலாம். நான் போகவில்லை. என் மகள் அங்கே படுத்திருக்கிறாள் என்று தெரிந்தும் நான் அந்தக் கேட்டுக்கு முன்னால் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பெட்டி போயிற்று என்று தெரியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டேன். சாமிகள் தீர்ந்த பிறகும் பெட்டிகள் வந்துகொண்டிருந்தன.

அங்கிருந்து எங்கள் ஊருக்கு முக்கால் மணி நேரம். வழியெல்லாம் மனசு என்னென்னவோ காட்டியது. நைலான் வலை எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் கரையில் ஒரு குவியல் பற்றியதைப் பார்த்திருக்கிறேன். எரிவதோடு நிற்காது, உருகிச் சொட்டும், தோலில் ஒட்டினால் விடாது. ஒரே வாசல். வாசலுக்கும் அவளுக்கும் நடுவில் வலை. கண்ணாடி வளையல். ஏழு மாதம். இதற்கு மேல் நினைக்காதே என்று என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். இரண்டு இடத்தில் நிறுத்திப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மச்சான் ஒரு முறை கூப்பிட்டு, தெருவில் யாருமே எடுக்கவில்லை என்றான். அந்த நேரத்துக்கு எங்கள் தெருவில் யார் இருப்பார்கள், ஆம்பளைகள் ஏரியில், பொம்பளைகள் மார்க்கெட்டில்.

தெருமுனைக்கு வந்தபோது புகை இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பைக்கை அப்படியே சாய்த்துவிட்டு ஓடினேன். வாசல் கதவு திறந்துதான் இருந்தது. படியில் கால் வைத்ததும் ஒரு வாசனை வந்தது. நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்து வைத்தது போன்ற இனிப்பான வாசனை. உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மகள் பாயில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தத்தை அணைத்துவிட்டுப் போனைத் தலைமாட்டில் வைத்திருந்தாள். அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில், பிளக் போர்டுக்குக் கீழே, சார்ஜரின் மேல் அந்தப் பேட்டரி இருந்தது. அதன் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் புடைத்துப் பிளந்திருந்தது. உள்ளே இருந்து மெதுவாக ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை.

நான் உள்ளே போகவில்லை. படியில் நின்றேன். ஓடு என்று மனசு சொல்கிறது, கால் நகரவில்லை. அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அந்த ஸ்ஸ் சத்தம் திடீரென்று பெரிதாயிற்று. அப்போது என் கால் நகர்ந்தது. பின்னால் நகர்ந்தது. படியில் இருந்து இறங்கி மணலில் இரண்டு எட்டு பின்னால் போனேன். என் மகளையும் அவள் வயிற்றில் இருந்ததையும் உள்ளே விட்டுவிட்டு நான் பின்னால் போனேன். கையில் இருந்த ஹெல்மெட் படியில் விழுந்து உருண்டது.

அந்தச் சத்தத்தில்தான் அவள் விழித்தாள். "இன்னா நைனா?" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். என் கண் போன திசையைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை. கையை ஊன்றி எழுந்தாள். ஏழு மாதக்காரி எழுகிற மாதிரி மெதுவாகத்தான் எழுந்தாள். சுவிட்சை அணைத்தாள், வயரைப் பிடுங்கினாள். சமையல் மூலையில் இருந்த இறால் கழுவுகிற அலுமினியக் குண்டானை எடுத்து வந்து தரையில் சாய்த்து வைத்து, வயரைப் பிடித்து இழுத்துச் சார்ஜரையும் பேட்டரியையும் அதற்குள் விழவைத்தாள். முந்தானையைச் சுருட்டிக் குண்டானின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள். என்னைத் தாண்டி நடந்தாள். வளையல் சத்தம் கேட்டது. நான் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டேன்.

தெரு நடுவில் வெறும் மணலாக இருந்த இடத்தில் அதைக் கவிழ்த்தாள். நிமிர்ந்து இரண்டு எட்டு வைப்பதற்குள் வெடித்தது. வெள்ளைப் புகை, அதன் பின்னால் நெருப்பு, அதற்குள்ளிருந்து பட்டாசு மாதிரி ஒவ்வொரு செல்லாகத் தெறித்தது. ஒன்று அவளுடைய இடது கையை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. அங்கே இருந்த வளையல்கள் உடைந்தன. அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

சத்தம் கேட்டு எங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். ஆளில்லாத தெருவில் எப்படி அத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியவில்லை. மண்ணை அள்ளிப் போட்டார்கள். யாரோ ஓடிப்போய்ச் சொல்லி என் மனைவியும் இறால் வாசனையோடு ஓடிவந்தாள். மகளைப் பிடித்து வயிற்றைத் தடவினாள், முகத்தைத் தடவினாள். மண்ணுக்கடியில் இன்னும் புகைந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"அய்யோ, இத யாரு வெளிய தூக்கினு வந்தது?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள். "நைனாதான்."

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. தெருவில் இருந்தவர்களும் பார்த்தார்கள். படகு சாய்ந்ததற்குக் கத்தியவன் என்று என்னைச் சொல்லிச் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். ஒருவர் என் தோளைத் தட்டினார். நான் இல்லை என்று சொல்லவில்லை. பேச்சு வரவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் பேச்சு வந்தது. அப்போதும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் இருப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு, வெளியே நாங்கள் இருவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவளிடம் கேட்டேன், ஏம்மா அப்படிச் சொன்னாய் என்று. அவள் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் தூக்கினேன்னு சொன்னா அம்மா என்னத்தான் திட்டும் நைனா. மாசமா இருக்கச் சொல்லோ இன்னா வேல இதுன்னு ஊரக் கூட்டிடும்" என்றாள். அது காரணம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்போது பேட்டையில் யார் புதிதாக டிரில் வாங்கினாலும் என்னிடம்தான் கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். நிக்கல் இருந்தால் பல்பு போடு, லித்தியத்தை ஒருநாளும் வடிக்காதே, பாதியிலேயே சார்ஜ் போடு. சும்மா வைப்பதானால் பாதி ஏற்றி வை. சிவப்பு மின்னினால் எழுப்பாதே, அந்தக் கடைக்கார அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடு. கேட்பவன் மச்சான் மாதிரி அலட்சியமாகச் சிரித்தால் என் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். வாசனையைச் சொல்லுவேன், புடைத்த பிளாஸ்டிக்கைச் சொல்லுவேன், ஸ்ஸ் சத்தத்தைச் சொல்லுவேன். படி வரைக்கும் எல்லாம் உண்மைதான். அங்கே வந்ததும் என் வாய் தானாக, "குண்டான்ல போட்டு வெளிய தூக்கினு வந்துட்டேன்" என்று சொல்லிவிடும்.

பேத்திக்கு மூன்று வயதாகிறது. அவளுக்கும் இந்தக் கதையை அவள் அம்மாதான் சொல்லியிருக்கிறாள், தாத்தா நெருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று. போன வாரம் மடியில் உட்கார்ந்துகொண்டு என் கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தாத்தா, சூடு பட்ட எடம் எங்க?" என்றாள். எதிரே அவள் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இடது கையில் முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு தெரிந்தது. அன்று தெருவில் இல்லாதவர்கள் கேட்டால் எண்ணெய்ச் சட்டி பட்டது என்று சொல்லிவைத்திருக்கிறாள். அவள் நிமிரவில்லை. கத்தி மட்டும் ஒரு கணம் நின்றது.

"ஆறிப்போச்சுடா கண்ணு" என்றேன் நான்.